சத்தம் குறைந்த பிளேன்

லண்டனுக்கு வந்த பிறகு எமது பிள்ளைகள் எதற்கு ஆசைப்படுவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாது. கைத்தொலைபேசி கேட்டால் விளங்கும். பந்தடிக்கச் சப்பாத்துக் கேட்டாலும் விளங்கும். எமது மூத்தவன் கேட்டது பிளேன். நிலத்தில் உருளுகிற விளையாட்டுச் சாமான் அல்ல. றேடியோக் கட்டுப்பாட்டில் உண்மையாகவே ஆகாயத்தில் பறக்கிற பிளேன். அவனுடைய வகுப்புத் தோழன் ஒருவனின் தாத்தா, வெள்ளைக்காரப் பெரியவர், சறே பக்கத்தில் ஒரு மாதிரி விமானக் கழகத்தில் நெடுங்கால உறுப்பினர். தனது பழைய பிளேன் ஒன்றை 25 பவுணுக்குத் தருவதாக அவர் சொன்னதுடன் எமது வீட்டில் கதை தொடங்கியது.

இதே ஆசை வேறு வீடுகளிலும் வரக்கூடும். புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு 25 பவுண் சின்னக் காசு இல்லை. அதற்குப் பின்னால் வரும் றேடியோ, பற்றரி, சார்ஜர், காப்புறுதி எல்லாவற்றையும் கூட்டினால் சின்னதே இல்லை. ஆகவே நாம் எதை வாங்கினோம், எதை மாற்றினோம், எதை வேண்டாமென்று விட்டோம் என்பதைக் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறோம்.

அந்தப் பிளேனின் பெயர் ஈஸி ஸ்ரார். ஜேர்மனியின் மல்ரிப்ளெக்ஸ் கொம்பனி செய்தது. இறக்கை நுனிக்கு நுனி 1.37 மீற்றர், எமது சின்னவளின் உயரத்திலும் பார்க்கக் கூட. நிறை ஏறத்தாழ 700 கிராம். எலப்போர் என்று கொம்பனி பெயர் வைத்த ஒரு நுரைப் பிளாஸ்ரிக்கால் ஆனது. சாதாரண பொலிஸ்ரைறீன் பெட்டியில் சூப்பர் குளூ பட்டால் கரைந்துபோகும். எலப்போர் கரையாது, அதே பசையால் ஒட்டிக்கொள்ளலாம். மோட்டர் மூக்கில் இல்லை. இறக்கைக்கு மேலே மாட்டின் திமில்போல எழும்பி நிற்கும் இடத்தில், பின்பக்கம் பார்த்தபடி இருக்கிறது. பழகுகிறவன் மூக்கால் நிலத்தில் குத்தினாலும் மோட்டரும் புறொப்பெலரும் தப்பிவிடும்.

முதலில் வந்த மாதிரியின் இறக்கையில் அசைகிற பாகம் எதுவும் கிடையாது. வாலில் ஒரு சுக்கான், மூக்கை ஏற்றி இறக்க ஒரு கிடைத்தகடு, மோட்டரின் வேகம், இவ்வளவுதான் கட்டுப்பாடு. இறக்கைகள் இரண்டும் நுனிப்பக்கம் மேலே தூக்கியிருப்பதால், பிள்ளை கையை எடுத்துவிட்டால் பிளேன் தானாகவே நிமிரும். இறக்கையை வெட்டி மடல் வைத்துச் சேர்வோ பூட்டுங்கள் என்று கழகத்தில் சிலர் சொன்னார்கள். பலர் செய்கிற மாற்றந்தான். நாம் செய்யவில்லை. நுனி இவ்வளவு தூக்கியிருக்கும்வரை மடல் நன்றாக வேலை செய்யாது. தூக்கலைக் குறைத்தால் நிமிரும் குணம் போய்விடும். பழகும் பிள்ளைக்கு வேண்டியது நிமிரும் குணம். சுக்கானை மட்டும் ஒரு விரலகலம் பெருப்பித்தோம். திரும்பச் சுணங்கிய பிளேன் சொன்ன உடனே திரும்பத் தொடங்கியது.

நாம் செய்த பெரிய மாற்றத்துக்குக் காரணம் வேறு. பின்னாலிருந்து தள்ளுகிற இந்தச் சின்னப் புறொப்பெலர், இறக்கை குழப்பிவிட்ட காற்றுக்குள் வேகமாகச் சுற்றும்போது கூரான ஓர் இரைச்சல் எழும்பும். பெரியவர் எமது வீட்டுப் பின்வளவில் பிளேனைக் கையில் பிடித்தபடி மோட்டரை ஓட்டிக் காட்டினார். குசினியில் நின்ற அம்மம்மா மேசைக்குக் கீழே போய்விட்டார்.

அம்மம்மா 2009 மே மாதம் வரை வன்னியில் இருந்தவர். இதை வாசிப்பவர்களில் பலருக்கு விளக்கம் தேவையில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் சகடையும் பொம்மரும். 1996க்குப் பின் கிபிர். கடைசி வருடங்களில் இரவும் பகலும் தலைக்கு மேல் சுற்றிய ஆளில்லா வேவு விமானம். அதற்குச் சனம் வைத்த பெயர் வண்டு. வண்டு சுற்றினால் பின்னால் ஷெல் வரும் என்பது அங்கிருந்தவர்களின் அனுபவம். இத்தனை வருடம் கழிந்தும் பக்கத்து வீட்டுக்காரர் புல்லு வெட்டும் மெசினை ஓட்டினால் அம்மம்மா யன்னலைச் சாத்திவிடுவார். ஹீத்ரோவுக்கு இறங்குகிற பெரிய பிளேன்கள் அவரை ஒன்றும் செய்வதில்லை. சின்ன இரைச்சல்தான்.

"வேண்டாம், திருப்பிக் குடுப்பம்" என்று மூத்தவன் தானாகவே சொன்னான். மறுத்தவர் அம்மம்மா. "பிள்ளை ஆசைப்பட்டது. சத்தத்தைக் குறைக்க ஏலாதோ எண்டு அந்த மனுசனைக் கேளுங்கோ."

கேட்டோம். ஏன் என்று அவர் கேட்கவில்லை. ஒரு கடதாசியை எடுத்துக் கணக்கு எழுதத் தொடங்கினார். புறொப்பெலரின் சத்தம், அதன் நுனி எவ்வளவு வேகமாகக் காற்றை வெட்டுகிறது என்பதில் பெரிதும் தங்கியிருக்கிறது. 5.5 அங்குலப் புறொப்பெலர் நிமிடத்துக்கு 15,000 தடவை சுற்றினால் நுனி விநாடிக்கு ஏறத்தாழ 110 மீற்றர் ஓடும். 7 அங்குலப் புறொப்பெலர் 9,000 தடவை சுற்றினால் 84 மீற்றர்தான். பெரியது கூடுதலான காற்றை ஆறுதலாகத் தள்ளும். பிளேனுக்கு வேண்டிய உந்தல் அதிலேயே கிடைத்துவிடும். சுருதியும் இறங்கும். இரண்டு அலகு உள்ள புறொப்பெலர் முதற் கணக்கில் விநாடிக்கு 500 தடவை காற்றை அடிக்கும், இரண்டாவதில் 300 தடவை. கூவுகிற சத்தம் முனகுகிற சத்தமாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தடை என்னவென்றால், திமிலுக்கும் வால் தண்டுக்கும் இடையில் 6 அங்குலப் புறொப்பெலருக்கு மேல் சுற்ற இடமில்லை. மோட்டரை அரை அங்குலம் உயர்த்தினால் புறொப்பெலரின் விட்டத்தில் ஓர் அங்குலம் கூட்டலாம். அரை அங்குலத்துக்கு ஒட்டுப்பலகை அடுக்கி ஒட்டி, அதன்மேல் புதிய மோட்டரைப் பூட்டினோம். பழைய மோட்டர் கரித்துண்டு தேய்ந்து ஓடுகிற வகை. புதியது கரித்துண்டு இல்லாத வகை. ஒரு வோல்ற்றுக்கு ஏறத்தாழ 1,000 சுற்று. அதிவேக மோட்டரைக் கடையில் மலிவாகத் தருவார்கள், நாம் வேண்டியது ஆறுதலாக இழுக்கிற மாடு. இந்த வகைக்குப் பழைய வேகக் கட்டுப்படுத்தி சரிவராது, புதியது வாங்கவேண்டும். புறொப்பெலரை ஓர் ஊசியில் கோர்த்துப் பார்த்து, பாரமான அலகை உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தினோம். இதற்குச் செலவு எதுவுமில்லை, அதிர்வு பாதியாகக் குறைந்ததுபோல் இருந்தது. செய்யாமல் விடாதீர்கள்.

எடை மாறியதால் பிளேனின் சமநிலையும் மாறியது. பழைய எட்டுக் கட்டைப் பற்றரி பாரமானது, மூக்குக்குள் இருந்தது. புதிய லித்தியம் பற்றரி அதைவிட இலேசு; ஆகவே பிளேன் வால்பாரமாகிவிட்டது. ஊரில் பட்டம் கட்டியவர்களுக்கு இதைச் சொல்லித்தரத் தேவையில்லை. முச்சை பிழைத்தால் கொக்குப் பட்டமென்ன, எட்டு மூலைப் பட்டமென்ன, எழும்பாது அல்லது குத்தும். பிளேனுக்கு முச்சை, இறக்கையின் அடியில் கொம்பனி போட்டுவிட்ட குறி. இரண்டு விரலால் அந்த இடத்தில் தாங்கினால் பிளேன் மட்டமாக நிற்கவேண்டும். மூக்குக்குள் இரண்டு பென்ஸ் நாணயக் குற்றிகள் ஐந்தை ஒட்டினோம். ஒன்று 7 கிராம் சொச்சம். பத்துப் பென்ஸுடன் வேலை முடிந்தது.

இன்னொரு விளைவும் உண்டு. மோட்டர் உயரத்தில் இருந்து தள்ளுவதால், வேகத்தைக் கூட்டியதும் பிளேன் மூக்கைக் கவிழ்க்கப் பார்க்கும். இது ஈஸி ஸ்ராரின் பிறவிக் குணம், நாம் உயர்த்தியதால் கொஞ்சம் கூடியது. வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் கிடைத்தகட்டைத் தானாகவே சற்று மேலே தூக்கிவிடும்படி சொல்லக்கூடிய றேடியோ இருந்தால் பிள்ளைக்குச் சிரமமில்லை. இதற்கு மிக்சிங் என்று பெயர். பெட்டியுடன் வரும் மலிவு றேடியோக்கள் பலவற்றில் இது கிடையாது. றேடியோவை யோசித்து வாங்கவேண்டி வந்தது இதனால்தான்.

றேடியோ விடயத்தில் எமது சனத்துக்கு ஒரு தனிப்பட்ட சிக்கல் உண்டு: எல்லா நாட்டிலும் சொந்தக்காரர். ரொறன்ரோவில் இருக்கும் மச்சான், மருமகன் பிளேன் விடப்போகிறான் என்று கேள்விப்பட்டு, தன்னிடம் கிடந்த நல்லதொரு பழைய செற்றைப் பார்சலில் அனுப்பிவிட்டார். அதில் 72 மெகாஹேர்ட்ஸ் என்று எழுதியிருந்தது. கனடாவிலும் அமெரிக்காவிலும் மாதிரி விமானங்களுக்கு ஒதுக்கிய அலைவரிசை அது. பிரித்தானியாவில் அதை இயக்குவது சட்டவிரோதம். இங்கே விமானங்களுக்கென்று ஒதுக்கியது 35 மெகாஹேர்ட்ஸ். 40 மெகாஹேர்ட்ஸ் காருக்கும் படகுக்கும் மட்டும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகளில் ஐந்து பவுணுக்கு விற்கப்படும் பழைய செற்றுகளில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 27 மெகாஹேர்ட்ஸ் எதற்கும் பாவிக்கலாம், ஆனால் விளையாட்டுக் கார்களும் சி.பி. றேடியோக்காரரும் அதிலேயே நிற்பார்கள்.

35 மெகாஹேர்ட்ஸ் இன்றும் சட்டப்படி சரிதான். அதில் 55 முதல் 90 வரை சனல்கள் உண்டு. ஒரே சனலில் இருவர் ஒரே நேரத்தில் போட்டால் பிளேன் விழும். இதற்காகக் கழகங்களில் ஒரு பலகையில் சனல் எண் போட்ட உடுப்புக் கொழுவி போன்ற கட்டைகளை வைத்திருப்பார்கள்; உரிய கட்டை கையில் இல்லாமல் எவரும் சுவிச்சைப் போடக்கூடாது. பெரியவர் இந்தக் கட்டைகளைப் பற்றிக் கோயில் கதைபோலச் சொல்வார். இப்போது அநேகர் 2.4 கிகாஹேர்ட்ஸுக்கு மாறிவிட்டார்கள். அதில் ரான்ஸ்மிற்றரும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு இணைந்துகொள்ளும், பக்கத்தில் பத்துப்பேர் பறக்கவிட்டாலும் இடையூறில்லை. புதிதாகத் தொடங்குபவர் வேறு எதையும் யோசிக்கத் தேவையில்லை.

ஆனால் 2.4 என்று எழுதியிருப்பதால் எல்லாம் எல்லாவற்றுடனும் பேசும் என்று நினைக்கவேண்டாம். ஸ்பெக்ரம், பியூற்றாபா, பிளைஸ்கை என்று ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு பாசை. எமது தெரிவைத் தீர்மானித்தது விலையல்ல, பெரியவர்தான். அவர் பாவிப்பது ஸ்பெக்ரம். பழக்கும் காலத்தில் அவருடைய ரான்ஸ்மிற்றரையும் பிள்ளையுடையதையும் ஒரு கேபிளால் இணைத்துவிடுவார். பிளேனுடன் பேசுவது அவருடையது. ஒரு சுவிச்சை அமத்திப் பிடித்திருக்கும்வரை பிள்ளையின் கைக்குக் கட்டுப்பாடு போகும், விட்டால் அவரிடம் திரும்பி வரும். ஆகவே பிளேனுக்குள் ஸ்பெக்ரம் பாசை விளங்குகிற ரிசீவர் வைத்தோம். பிள்ளைக்குப் பல பாசையும் பேசக்கூடிய ரேடியோமாஸ்ரர் ஒன்றைப் பாவித்த நிலையில் வாங்கினோம். பிறகு அவன் தனியாகப் பறக்கும்போது ரிசீவரை மாற்றத் தேவையில்லை. மெனுக்களுடன் மல்லுக்கட்ட விருப்பமில்லாத வீட்டுக்கு இது தலையிடி. அவர்கள் பழக்குபவரின் கொம்பனியிலேயே வாங்குவது நல்லது, கொஞ்சம் விலை கூடினாலும்.

மோட் என்ற ஒன்றும் உண்டு. வேகம் எந்தக் கைத்தடியில், கிடைத்தகடு எந்தக் கைத்தடியில் என்பது. பிரித்தானியாவில் வேகம் இடக்கையில் இருக்கும் மோட் 2 அதிகம், மோட் 1 பாவிப்பவர்களும் இருக்கிறார்கள். இதிலும் பழக்குபவர் எதுவோ அதுதான். வாங்கியதும் செய்யவேண்டிய ஒரு வேலை பெயில்சேவ் வைப்பது: தொடர்பு அறுந்தால் மோட்டர் தானாக நிற்கவேண்டும். புறொப்பெலரைக் கழற்றிவைத்துவிட்டு, ரான்ஸ்மிற்றரை நிறுத்திப் பாருங்கள். அன்ரெனாவின் நுனியைப் பிளேனை நோக்கி நீட்டாமல் பக்கவாட்டில் வைக்கவேண்டும். நுனிப்பக்கம் அலை மிகக் குறைவு.

பற்றரியைப் பற்றி எழுதும்போது சிரிப்பும் வருகிறது, வேறொன்றும் வருகிறது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்தபோது வடக்குக்குப் பற்றரிக்கட்டை கொண்டுபோக விடமாட்டார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோச் செய்தி கேட்ட தலைமுறை எமது. இங்கே எமது பிள்ளையின் அலுமாரியில் மூன்று பற்றரி. அதற்குள் இருக்கும் ஆபத்தையும் சொல்லவேண்டும். லித்தியம் பற்றரி அடிபட்டால், வீங்கினால், அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறினால் தீப்பிடிக்கும். மின்சைக்கிள் பற்றரிகளால் வீடுகளில் ஏற்படும் தீ பற்றி லண்டன் தீயணைப்புப் படை திரும்பத் திரும்ப எச்சரித்து வருகிறது, இதுவும் அதே இனந்தான். ஒரு கலத்துக்கு 4.2 வோல்ற்றுக்கு மேல் ஏறக்கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழே இறங்கக்கூடாது, சும்மா வைத்திருக்கும்போது 3.8 அளவில் இருக்கவேண்டும். பிளற்றில் இருப்பவர்கள் வாசல் நடையில் வைத்துச் சார்ஜ் பண்ணவே வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான். நாம் பின்வளவில் மண் பூச்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் கதிரை போட்டு ஒருவர் இருப்போம். இரவில் இல்லை.

எங்கே பறக்கவிடுவது? பக்கத்துப் பார்க்கில் என்று தொடங்கவேண்டாம். ஹைட் பார்க், ரிச்மண்ட் பார்க் போன்ற அரச பூங்காக்களில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. கவுன்சில் பார்க்குகள் பலவற்றிலும் தடை உண்டு. விமான நிலையங்களைச் சுற்றியும் தடைசெய்யப்பட்ட வலயங்கள் இருக்கின்றன. எமது சனம் செறிந்த இடங்களைப் பாருங்கள்: ஈஸ்ட்ஹாம், சிட்டி விமான நிலையத்தின் வாசலில், சௌத் ஹரோவுக்குப் பக்கத்தில் நோர்தோல்ட். பதிவும் வேண்டும். 2026 ஜனவரி முதல் 100 கிராமுக்கு மேற்பட்ட எதையும் பறக்கவிடுபவர், சிறு பரீட்சை ஒன்றில் தேறிப் பிளையர் ஐ.டி. எடுக்கவேண்டும். இது இலவசம். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளை எடுக்கும்போது பெற்றார் பக்கத்தில் இருக்கவேண்டும். 250 கிராமுக்கு மேற்பட்ட பிளேனுக்கு 18 வயது நிரம்பிய ஒருவர் ஒப்பரேற்றர் ஐ.டி. எடுத்து, அந்த எண்ணைப் பிளேனில் ஒட்டவேண்டும். விசா வழக்கு முடியாதவர்கள் எங்கும் பெயர் பதிய அஞ்சுவார்கள் என்பது எமக்குத் தெரியும். நாம் பதிந்தபோது பெயர், முகவரி, பிறந்த திகதி போன்றவற்றைக் கேட்டார்கள். விசா பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இவற்றுக்கெல்லாம் நல்ல வழி கழகத்தில் சேர்வது. பிரித்தானிய மாதிரிப் பறப்புச் சங்கம் 1922இல் தொடங்கியது. அதன் உறுப்புரிமையுடன் காப்புறுதியும் வருகிறது. பிள்ளை தனியே பறக்கத் தகுதி என்று காட்ட ஏ சான்றிதழ் என்ற சோதனையும் உண்டு. தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை என்பதால் நாம் ஞாயிறு போகிறோம்.

குளிர்கால மழையில் பறக்க முடியாத ஒரு ஞாயிறு, பெரியவர் எம்மை லண்டன் கொல்னியில் இருக்கும் டி ஹவிலண்ட் விமான நூதனசாலைக்குக் கூட்டிப்போனார். அங்கே குயின் பீ, அதாவது ராணித் தேனீ என்ற பெயருடைய ஒரு பழைய பிளேன் இருக்கிறது. ரைகர் மொத் பயிற்சி விமானத்திலிருந்து 1935இல் உருவாக்கிய ஆளில்லா விமானம். பீரங்கிக்காரர் சுட்டுப் பழகுவதற்காக 400 அளவில் செய்தார்களாம். தரையில் இருந்தவர் தொலைபேசி டயல் ஒன்றைச் சுழற்றித்தான் அதற்குக் கட்டளை கொடுத்தார். ட்ரோன் என்ற இன்றைய பெயர் இந்த ராணித் தேனீயில் இருந்தே வந்தது என்கிறார்கள். ட்ரோன் என்றால் ஆண் தேனீ. வன்னியில் எமது சனம் எவரையும் கேளாமல் வண்டு என்று பெயர் வைத்ததை மூத்தவன் அவருக்குச் சொன்னான். பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. எமது கதை அவருக்குத் தெரியவந்தது அன்றுதான்.

ஏப்ரலில் ஒரு காற்றில்லாத ஞாயிறு, அம்மம்மாவும் வருவதாகச் சொன்னார். கார் கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தார். பெரியவர் பிளேனைக் கையால் எறிந்தார். மூத்தவன் 25 விநாடி மோட்டரில் ஏற்றினான், பிறகு சுவிச்சைத் தட்டி நிறுத்தினான். சத்தம் இல்லை. பிளேன் பருந்துபோல மேலே வட்டமிட்டது. கண்ணாடி பாதி இறங்கியது.

"நிப்பாட்டினாப் பிறகும் பறக்குதோ?"

"ஓம் அம்மம்மா. இறங்கி வரேக்கை திரும்பக் கொஞ்சம் போடுவன்."

"போடேக்கை சொல்லு."

அன்றிலிருந்து மோட்டரைப் போடுமுன் "போடுறன்" என்று உரத்துச் சொல்வது அவனுக்குப் பழக்கமாகிவிட்டது. கழகத்தில் மற்றப் பிள்ளைகளும் பொருள் தெரியாமல் அதே சொல்லைச் சொல்கிறார்கள். அம்மம்மா இப்போது காருக்கு வெளியே மடக்குக் கதிரையில் இருப்பார். மோட்டர் ஓடுகிற 25 விநாடியும் கதிரைப் பிடியை இறுக்கிப் பிடித்தபடிதான். பட்டத்தில் பூட்டுகிற விண் மாதிரி இருக்கிறதா என்று சின்னவள் ஒருநாள் கேட்டாள். "விண்ணுமில்லை, வண்டுமில்லை" என்றார்.

இப்போது வீட்டில் ஓடும் வழக்கு வேறு. பிளேனின் மூக்கில் ஒரு சின்னக் கமெரா பூட்டவேண்டும் என்கிறான் மூத்தவன். நிறை 20 கிராம், மூன்று குற்றியைக் கழற்றினால் சமநிலை சரி என்று கணக்கும் எழுதி வைத்திருக்கிறான். மேலே இருந்து படம் பிடிக்கிற எதுவும் தன் கண்ணுக்கு முன்னால் பறக்கக்கூடாது என்கிறார் அம்மம்மா. தீர்ப்பு எம்மிடம் விடப்பட்டிருக்கிறது. இந்த ஞாயிறு வரை குற்றிகள் ஐந்தும் மூக்குக்குள்தான் இருக்கின்றன.